பொங்கல் முடிந்த மறு வாரம்: மழலை வகுப்பு டீச்சர்களுக்கு ஒரு திறந்த மடல்

அங்கன்வாடியிலும், எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்பிலும், நூலகத்தின் சிறுவர் பகுதியிலும் சின்னப் பிள்ளைகளை வட்டமாக உட்கார வைத்துப் பாட்டும் கதையும் சொல்லும் டீச்சர்களுக்கு,

மார்கழி பிறந்தாயிற்று. பொங்கல் விழாவுக்கு என்னென்ன செய்வது என்று உங்களிடையே பேச்சு தொடங்கியிருக்கும். எந்தப் பாட்டுக்கு யார் ஆடுவது, யாருக்கு வேட்டி, யாருக்குப் பட்டுப்பாவாடை, அட்டையில் வெட்டிய பானையை மேடையில் எங்கே நிறுத்துவது என்றெல்லாம் நோட்டில் எழுத ஆரம்பித்திருப்பீர்கள். அந்தப் பக்கம் நிரம்புவதற்கு முன்னால் இந்த மடல் உங்கள் கைக்கு வந்துவிட வேண்டும் என்ற அவசரத்தில் எழுதுகிறேன்.

நான் பிள்ளைகளுக்குக் கதை சொல்கிறவள். உங்கள் மையங்களுக்கு வந்து, உங்கள் பாயிலேயே உட்கார்ந்து, உங்கள் பிள்ளைகளோடு பாடியிருக்கிறேன். பண்டிகைக்கு முந்தைய வாரங்கள் எப்படிப் போகின்றன என்று பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். காலையிலேயே ஒத்திகை ஆரம்பித்துவிடும். ஸ்பீக்கரில் ஒரு சினிமாப் பாட்டு. முன் வரிசையில் சூட்டிகையான நாலைந்து பிள்ளைகள். பின்னால் நிற்கும் குழந்தை கையை எந்தப் பக்கம் தூக்குவது என்று தெரியாமல் அடுத்த பிள்ளையையே பார்த்துக்கொண்டு நிற்கும். பேச்சு இன்னும் திருந்தாத பிள்ளையும், புதிதாகச் சேர்ந்து அழுகை அடங்காத பிள்ளையும் ஆயா மடியில் இருக்கும். விழா அன்று மைக் சத்தத்துக்கு மிரண்டு சில பிள்ளைகள் அம்மாவைத் தேடி அழும். பெற்றோர் போனைத் தூக்கிப் பிடித்தபடி நிற்பார்கள். கைதட்டல் முடியும், சாக்லேட் கொடுப்பார்கள், வீட்டுக்குப் போய்விடுவார்கள். அந்த வாரங்களில் கதை நேரம் என்று ஒன்று இருந்திருக்காது. பொங்கல் என்றால் என்ன நடக்கும், பானையில் முதலில் எதைப் போடுவார்கள், அது ஏன் பொங்குகிறது என்று அந்தப் பிள்ளைகளிடம் ஒருவரும் பேசியிருக்க மாட்டார்கள்.

இதைவிட எனக்கு வலிப்பது விடுமுறைக்குப் பிறகு நடப்பதுதான். பொங்கல், திருவள்ளுவர் நாள், உழவர் திருநாள் என்று அடுத்தடுத்து மூன்று நாள் மூடிக் கிடந்த கதவு திறக்கிறது. பிள்ளைகள் வருகிறார்கள். சுவரில் கருப்பொருள் அட்டை மாறியிருக்கிறது. இந்த வாரம் வாகனங்கள். ஒரு பையன் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்து, "மிஸ், எங்க தாத்தா மாட்டுக் கொம்புல நீலப் பெயிண்ட் அடிச்சாரு, அது என்னைய முட்ட வந்துச்சு" என்கிறான். "அப்படியா, சரி, போய் உட்காரு. பஸ்ஸுக்கு எத்தனை சக்கரம், சொல்லு" என்று வகுப்பு நகர்ந்துவிடுகிறது. அந்தப் பையன் கையில் பெயர்ச்சொல்லும் நிறமும் பயமும் தாத்தாவும் சேர்ந்த ஒரு முழுக் கதை இருந்தது. அதைக் கேட்க அன்றைக்கு வகுப்பில் இடம் இல்லை.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். மூன்று வயதுக் குழந்தைக்குப் போன வருஷத்துப் பொங்கல் எப்படி ஞாபகம் இருக்கும்? அப்போது அதற்கு இரண்டு வயது. நாலு வயதுக் குழந்தைக்கும் கரும்பு தின்றது மங்கலாக நினைவு இருந்தால் அதிகம். பண்டிகைக்கு முன்னால் நீங்கள் பொங்கலைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் அது அவர்களுக்குக் காணாத ஊரைப் பற்றிய பேச்சு. பண்டிகை முடிந்து வரும்போது நிலைமை அப்படியே மாறிவிடுகிறது. பானை பொங்கியதைப் பார்த்திருக்கிறார்கள். மஞ்சள் கொத்தை மோந்து பார்த்திருக்கிறார்கள். கரும்புச் சக்கை வாயைக் கீறியிருக்கிறது. போகி அன்று விடியற்காலையில் பழைய பாய் எரிந்த புகையில் கண் எரிந்திருக்கிறது. சொல்வதற்கு அவர்களிடம் நிறைய இருக்கிறது. அந்தச் சமயம் பார்த்து நாம் பொங்கலை மூட்டை கட்டி வைத்துவிடுகிறோம்.

பொங்கலுக்கு மட்டும் இப்படி நடக்கவில்லை. தீபாவளிக்கு முன்னால் காகிதத்தில் மத்தாப்பு ஒட்டுகிறோம். பட்டாசுச் சத்தத்துக்குக் கட்டிலுக்கு அடியில் ஒளிந்த பிள்ளை மறு நாள் வந்து அதைச் சொல்லும்போது நாம் பழங்களின் பெயர் நடத்திக்கொண்டிருக்கிறோம். கிறிஸ்துமஸுக்குப் பஞ்சில் பனிமனிதன் செய்கிறோம். தூத்துக்குடியில் வாசலில் நட்சத்திரம் கட்டி, மணலும் வைக்கோலும் பரப்பிக் குடில் வைத்த வீட்டுப் பிள்ளை அந்தப் பனிமனிதனை எங்கும் கண்டதில்லை. ரம்ஜானுக்கு ஒரு பிறையை வெட்டி ஒட்டுவதோடு முடித்துவிடுகிறோம். மாலையில் தூக்குவாளியோடு பள்ளிவாசலுக்குப் போய் நோன்புக் கஞ்சி வாங்கி வந்த அண்ணனைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

ஆகவே பண்டிகைப் பாட்டையும் பண்டிகை விளையாட்டையும் பண்டிகைக்குப் பிந்தைய வாரத்துக்கு மாற்றுங்கள் என்று உங்களைக் கேட்கிறேன். மேடையை விட்டுப் பாய்க்கு வாருங்கள். அதற்கு ஒரு ஃபிளானல் போர்டு போதும்.

ஃபிளானல் போர்டு உங்களுக்குப் புதிது இல்லை. ஆசிரியர் பயிற்சியில் கற்பித்தல் துணைக்கருவி என்று எல்லோரும் ஒன்று செய்து மதிப்பெண் வாங்கியிருப்பீர்கள். பல இடங்களில் அது பீரோவுக்குப் பின்னால் சுவரோடு சாய்ந்து தூசி படிந்து கிடக்கிறது. அதை வெளியே எடுங்கள். இல்லாதவர்கள் டிவி வந்த அட்டைப் பெட்டியின் ஒரு பக்கத்தை வெட்டி, ஃபிளானல் துணியையோ வீட்டில் இருக்கும் பழைய கம்பளியையோ சுருக்கம் இல்லாமல் இழுத்துச் சுற்றிப் பின்பக்கம் தைத்துவிட்டால் ஆயிற்று. கறுப்பு அல்லது கருநீலத் துணி நல்லது. அதில் மஞ்சளும் வெள்ளையும் பளிச்சென்று தெரியும். துணியின் மேல் எழும்பி நிற்கும் சின்ன இழைகள்தான் படத்தைப் பிடித்துக்கொள்கின்றன. அதனால் படத்தின் பின்னால் சொரசொரப்பான ஏதாவது வேண்டும். ஒரு துண்டு ஃபிளானல், அல்லது தச்சர் பயன்படுத்தும் உப்புத்தாளில் ஒரு சிறு பட்டை ஒட்டினால் போதும். ஃபெல்ட் துணியில் வெட்டினால் ஒட்ட வேண்டிய தேவையே இல்லை. போர்டை நேராக நிறுத்தாமல் கொஞ்சம் பின்னால் சாய்த்து வையுங்கள். தலைக்கு மேல் ஓடும் ஃபேனை அந்த நேரத்துக்கு நிறுத்திவிடுங்கள், இல்லாவிட்டால் கரும்பும் சூரியனும் பறந்துபோகும். படம் எதுவும் பிள்ளையின் உள்ளங்கையைவிடச் சிறியதாக இருக்க வேண்டாம். மூன்று வயதுக்குள் இருப்பவர்கள் கையில் கிடைத்ததை வாயில் போடுவார்கள்.

படத்துக்கு எங்கே போவது என்று கேட்காதீர்கள். பழைய காலண்டரும் கல்யாணப் பத்திரிகையும் எல்லா வீட்டிலும் இருக்கும். சாமி படம் உள்ளதை மட்டும் வெட்டாமல் விட்டுவிடுங்கள், அது சில வீட்டாருக்கு மனக்கஷ்டம். மாடு, பானை, சூரியன் எல்லாம் நீங்களே வரையலாம். கோணலாக வந்தாலும் பிள்ளைகளுக்கு அது மாடுதான். இணையத்தில் இருந்து எடுத்து அச்சடித்த பளபளப்பான பானையைவிட, உங்கள் ஊர்க் குயவர் செய்யும் பானையின் கழுத்தும் வயிறும் கொண்ட படத்தைப் பிள்ளைகள் சட்டென்று அடையாளம் கண்டுகொள்வார்கள்.

இந்த இடத்தில் இரண்டு பெண்களை நினைவுபடுத்த விரும்புகிறேன். தாராபாய் மோடக்கும் அனுதாய் வாகும் 1945-இல் மகாராஷ்டிரத்தின் போர்டி கிராமத்தில் பாலர் கல்விப் பணியைத் தொடங்கினார்கள். விலை உயர்ந்த கருவிகளைக் காத்திருந்து வாங்காமல், கூழாங்கல், விதை, இலை, சிப்பி என்று அந்த மண்ணில் கிடைத்ததை வைத்தே கற்றுக்கொடுத்தார்கள். பிள்ளைகள் மையத்துக்கு வரவில்லை என்றால் இவர்கள் சேரிக்கும் பழங்குடி வீட்டு முற்றத்துக்கும் போனார்கள். அங்கன்வாடிகள் 1975 அக்டோபர் 2-இல் அரசுத் திட்டமாகத் தொடங்கப்பட்டபோது அந்த முற்றத்து அனுபவம் அதற்கு முன்னோடியாக இருந்தது. இன்று தமிழ்நாட்டில் மட்டும் 54,000-க்கும் அதிகமான மையங்கள் இருக்கின்றன. அவற்றில் உட்கார்ந்திருக்கும் உங்களிடம், கையில் இருப்பதைக்கொண்டு செய்யுங்கள் என்று கேட்பதற்கு எனக்குத் தயக்கமே இல்லை. இந்த வேலை தொடங்கியதே அப்படித்தான்.

சரி, பண்டிகைக்கு முன்னால் எதுவுமே வேண்டாமா என்று கேட்பீர்கள். ஒரே ஒரு பாட்டு மட்டும் கொடுத்தனுப்புங்கள். நாலு வரிக்கு மேல் வேண்டாம். கையசைவோடு சேர்ந்து வரட்டும். வீட்டில் பானை பொங்கும்போது பிள்ளைக்குத் தானாக வாயில் வர வேண்டும். நான் பாடுவதைத் தருகிறேன், பிடித்தால் எடுத்துக்கொள்ளுங்கள், உங்கள் ஊர்ப் பேச்சுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்:

குபுகுபு குபுகுபு நுரை வருது,
குனிஞ்சு பார்த்தா மேல வருது,
எட்டிப் பார்க்குது, எட்டிப் பார்க்குது,
பொங்கலோ பொங்கல்!

முதல் வரிக்கு விரல்களை மடியில் வைத்து அசைப்பது. அடுத்த வரிக்குக் கை மெல்ல மேலே வருவது. மூன்றாவது வரியில் குரலைத் தாழ்த்தி எல்லோரையும் காத்திருக்க வைப்பது. நாலாவது வரிக்குக் கையை வீசிக் கத்துவது. இதில் பிள்ளைகளுக்கு மிகப் பிடித்தது அந்தக் காத்திருப்புதான். பேச்சு வராத பிள்ளைகூடக் கத்துவதற்கு வாயைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருக்கும். தினமும் இதே பாட்டு. நமக்கு அலுத்தாலும் அவர்களுக்கு அலுக்காது. நாளைக்கு என்ன வரும் என்று முன்கூட்டியே தெரிந்திருப்பதில்தான் அவர்களுக்குத் தைரியம்.

விடுமுறை முடிந்து வந்த முதல் நாள் போர்டில் ஒரு வெறும் பானையை மட்டும் வைத்துவிட்டுப் பேசாமல் உட்காருங்கள். கேள்வி எதுவும் கேட்க வேண்டாம். வார்த்தை அங்கிருந்து வரட்டும். "எங்க பானை இதவிடப் பெருசு" என்று ஒன்று சொல்லும். "எங்க வீட்டுல குக்கர்" என்று இன்னொன்று சொல்லும். குக்கரும் சரிதான், அதற்கும் ஒரு படம் வெட்டி வையுங்கள். கேஸ் அடுப்பில் குக்கரில் பொங்கல் வைத்த வீட்டுப் பிள்ளை, தன் வீட்டுப் பண்டிகை போர்டில் இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. பிறகு பொருள்களை ஒவ்வொன்றாகப் பையில் இருந்து எடுத்து, ஒவ்வொரு பிள்ளை கையிலும் ஒன்று கொடுத்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பாடுங்கள்:

பானை வந்து உட்கார்ந் தாச்சு,
பாலை ஊற்றப் போவது யார்?
கவிதா வந்து ஊற்றி யாச்சு,
அடுத்தது என்ன, சொல்லிப் பார்!

பால், அரிசி, பாசிப்பருப்பு, வெல்லம், நெய், முந்திரி, ஏலக்காய், பானைக் கழுத்தில் மஞ்சள் கொத்து. கவிதா என்ற இடத்தில் உங்கள் வகுப்பின் ஒவ்வொரு பெயரும் வர வேண்டும். ஒரு பெயரும் விடுபடக் கூடாது; விடுபட்ட பிள்ளை அதை நாள் முழுக்க மறக்காது. ஒரு பிள்ளை அரிசிக்கு முன்னால் வெல்லத்தைப் போட்டுவிட்டால் உடனே திருத்தாதீர்கள். "அய்யய்யோ, அரிசி போடல!" என்று நாலு பேர் கத்துவார்கள். முன்னால், பின்னால், அப்புறம், கடைசியில் என்ற சொற்களையெல்லாம் அந்தச் சண்டையில் அவர்களே பயன்படுத்துவார்கள். அந்தச் சொற்களைப் படம் காட்டிக் கற்பிக்க நீங்கள் ஒரு மாதம் பாடுபட வேண்டியிருக்கும். உங்கள் மையத்தில் சமைக்கும் அக்காவையும் ஒரு நாள் போர்டுக்குப் பக்கத்தில் உட்கார வையுங்கள். தினமும் பிள்ளைகளுக்குச் சோறாக்கிப் போடும் அவர் சொன்னால் அரிசி வெந்த பிறகுதான் வெல்லம் என்பதை யாரும் மறக்க மாட்டார்கள்.

இரண்டாம் நாள் கரும்பு. ஐந்து கரும்பை வரிசையாக நிறுத்துங்கள்:

அஞ்சு கரும்பு வாசலிலே,
ஆளுக் கொண்ணு ஆசையிலே,
சலீம் வந்து ஒண்ணு எடுத்தா
மிச்சம் எத்தனை வாசலிலே?

எண்ணத் தெரியாத பிள்ளை தொட்டுத் தொட்டு எண்ணட்டும். எடுத்த கரும்பை அது தன் கையிலேயே வைத்திருக்கட்டும், பாட்டு முடியும் வரை திருப்பி வாங்காதீர்கள். அடுத்த நாள் மாடு. போர்டில் நிறம் நிறமாக நாலைந்து தொழுவக் கதவுகள். ஒரு கதவுக்குப் பின்னால் கன்றுக்குட்டி. பிள்ளைகள் கண்ணை மூடியிருக்கும்போது நீங்கள் ஒளித்து வைக்க வேண்டும்:

கன்றுக் குட்டி, கன்றுக் குட்டி,
எந்தக் கதவின் பின்னாலே?
சிவப்புக் கதவைத் தட்டிப் பார்ப்போம்,
சலங்கைச் சத்தம் கேக்குதா?

இல்லை என்றால் அடுத்த நிறம். இரண்டாம் சுற்றில் ஒரு பிள்ளையே ஒளித்து வைக்கட்டும். தான் ஒளித்த இடத்தைச் சொல்லிவிடாமல் வாயைப் பொத்திக்கொண்டு நிற்பது நாலு வயதுக்குப் பெரிய சாதனை. அன்றைக்குத்தான் தாத்தாவின் நீலப் பெயிண்ட் கதையும் மறுபடி வரும். இந்த முறை அவனை முழுவதும் சொல்ல விடுங்கள். கொம்புக்கு நீலம் தீட்ட அவனையே கூப்பிடுங்கள்.

நான் மிகவும் விரும்பிச் செய்வது கோலம். கருநீலத் துணியில் வெள்ளை ஃபெல்ட் புள்ளிகளை வைத்து, ஸ்வெட்டர் பின்னும் உல்லன் நூலைக் கையில் கொடுத்தால் போதும். நூல் துணியில் தானாக ஒட்டிக்கொள்ளும், இழுத்தால் வந்துவிடும். மூன்று வயதுப் பிள்ளை ஒரு புள்ளியைச் சுற்றி ஒரு வட்டம் போட்டாலே அது கோலம். ஐந்து வயதுப் பிள்ளை இரண்டு புள்ளிக்கு நடுவில் நூலை வளைத்து ஓட்டிவிடும். பென்சிலில் பிழை வந்தால் அழிக்க வேண்டும், தாள் கிழியும், அழுகை வரும். நூலில் அந்தக் கவலை இல்லை. தரையில் மாவுக் கோலம் போடும்போது கிட்டே விடாமல் விரட்டப்பட்ட கைகள் இவை. நடுவில் வைக்க ஒரு மஞ்சள் பூசணிப்பூ வெட்டி வைத்திருங்கள். அதை வைக்க எல்லோருக்கும் ஆசையாக இருக்கும். நாளுக்கு இரண்டு பேர் என்று முறை வைத்துக்கொள்ளுங்கள்.

தென் மாவட்டத்து டீச்சர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் சிறுவீட்டுப் பொங்கல் என்று சிறுமிகளுக்கென்றே ஒரு பண்டிகை இருக்கிறது. வாசலில் மண்ணால் சின்ன வீடு கட்டி, கோலமிட்டு, அதற்கு முன்னால் சின்னப் பானையில் பொங்கலிடுவார்கள். பல தெருக்களில் இப்போது குறைந்து வருகிறது. அதைச் செய்து வளர்ந்த பாட்டிகள் இன்னும் உங்கள் தெருவில் இருக்கிறார்கள். ஒருவரைக் கூப்பிட்டு அந்தச் சின்ன வீட்டைப் போர்டில் கட்டச் சொல்லுங்கள். கொங்குப் பக்கம் இருப்பவர்களுக்குக் காப்புக் கட்டும் பூளைப்பூவும் ஆவாரம்பூவும் வேப்பிலையும் இருக்கின்றன. பூப்பறிக்கப் போய்க் கும்மியடித்த அத்தைமார் இருக்கிறார்கள். மேற்கே ஒரு மாதிரி, தெற்கே ஒரு மாதிரி இருக்கும் பண்டிகையை ஒரே அச்சுப் படத்தில் அடக்கிவிடாதீர்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இதைக் கவனமாகப் படியுங்கள் என்று வேண்டிக்கொள்கிறேன். "எல்லாரும் புதுச் சட்டை காட்டுங்க, வீட்டுல என்ன வாங்குனீங்க" என்று வட்டத்தில் கேட்காதீர்கள். புதுத்துணி எடுக்க முடியாத வீடு உங்கள் வட்டத்தில் இருக்கும். அந்த வருஷம் சாவு விழுந்து, பண்டிகை கொண்டாடாத வீடு இருக்கும். "எங்களுக்குப் பொங்கல் இல்ல" என்று மெதுவாகச் சொல்லும் பிள்ளைக்கு என்ன பதில் சொல்வீர்கள் என்று முன்கூட்டியே யோசித்து வைத்திருங்கள். "சரிடா தங்கம், நம்ம போர்டுல நீ பொங்கல் வை" என்று நெய்யை அதன் கையில் கொடுத்தால் போதும். வேறு எதுவும் தோண்டிக் கேட்க வேண்டாம்.

வேற்று மாநிலத்தில் இருந்து வேலைக்கு வந்த குடும்பங்களின் பிள்ளைகள் திருப்பூரிலும் சென்னையிலும் உங்கள் மையங்களுக்கு வருகிறார்கள். அந்தப் பிள்ளைகளை ஓரமாக உட்கார வைத்துப் பொங்கல் நடத்தாதீர்கள். நாம் பொங்கல் வைக்கும் அதே நாட்களில் பீகாரில் மகர சங்கராந்திக்கு அவலும் தயிரும் எள்ளுருண்டையும் சாப்பிடுகிறார்கள். அசாமில் போகாலி பிஹுவுக்குத் தீ மூட்டிச் சுற்றி நிற்கிறார்கள். தமிழ்நாட்டிலேயே தெலுங்கு பேசும் வீடுகளில் போகி அன்று குழந்தைகளின் தலையில் இலந்தைப் பழம் கொட்டுகிறார்கள். ஒரு கிண்ணம் அவல், ஒரு எள்ளுருண்டை, ஒரு கை இலந்தைப் பழம் என்று மூன்று படம் வெட்டப் பத்து நிமிஷம் ஆகாது. அந்தப் பிள்ளையின் அம்மாவிடம் கூப்பிட வரும்போது கேளுங்கள். மொழி புரியாவிட்டாலும் படத்தைக் காட்டினால் பேசுவார்கள். தமிழ் இன்னும் வராத பிள்ளை அவலை எடுத்துப் போர்டில் வைக்கும்போது வகுப்பே "அவல்!" என்று சொல்லும். அது அந்தப் பிள்ளையின் தமிழ்ச் சொல்லாகவும் ஆகிவிடும்.

உங்கள் சிரமம் தெரியாமல் பேசுகிறேன் என்று நினைக்காதீர்கள். அங்கன்வாடிப் பணியாளருக்கு எடை பார்ப்பது, சத்துமாவு கொடுப்பது, கர்ப்பிணிகள் வீட்டுக்குப் போவது, பதிவேடு எழுதுவது, போனில் போஷன் டிராக்கரில் ஏற்றுவது என்று வேலைக்கு முடிவே இல்லை. தேர்தல் வந்தால் வாக்காளர் பட்டியலும் சேர்ந்துகொள்ளும். தனியார் பள்ளி மிஸ்ஸுக்கு, ஆண்டு விழாவில் பிள்ளை மேடை ஏறவில்லை என்றால் பெற்றோரிடம் இருந்து வரும் கேள்வி. நிர்வாகத்திடம் இருந்து வரும் கேள்வி. விழாப் படம் வாட்ஸ்அப் குழுவில் வர வேண்டும் என்ற கட்டாயம் இருவருக்கும் உண்டு. ஆனால் நான் கேட்பது கூடுதல் வேலை இல்லை. மூன்று வார ஒத்திகையை விட்டுவிட்டு, அதில் ஒரு பகுதி நேரத்தை இதற்குக் கொடுங்கள் என்கிறேன். ஒரு போர்டு ஆட்டத்துக்குப் பத்து நிமிஷம் போதும், பெரிய பிள்ளைகளுக்குக் கால் மணி. அதற்கு மேல் நீட்டினால் அவர்களே நெளிய ஆரம்பிப்பார்கள். ஒருமுறை வெட்டிய படங்களை ஒரு துணிப்பையில் போட்டு வைத்தால் அடுத்த தைக்கும் உதவும். படம்தான் வேண்டும் என்றால், கன்றுக்குட்டியைக் கண்டுபிடித்த பிள்ளையின் முகத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள். பெற்றோரைக் கூப்பிட வேண்டும் என்றால் பாயில் பிள்ளைக்குப் பக்கத்தில் உட்காரக் கூப்பிடுங்கள். போன் பையில் இருக்கட்டும்.

பாடத்திட்டம் இதற்கு இடம் கொடுக்காது என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். தமிழ்நாட்டு அங்கன்வாடிகளின் முன்பருவக் கல்விக்குப் பெயரே 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா'. 2019 ஜனவரியில் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கியபோதும் விளையாட்டு வழிக் கல்வி என்றுதான் சொல்லித் தொடங்கினார்கள். கிஜுபாய் பதேகாவின் 'பகற்கனவு' உங்களில் பலர் பயிற்சிக் காலத்தில் படித்த புத்தகம். அதில் வரும் ஆசிரியர் அடங்காத வகுப்பைக் கதை சொல்லித்தான் தன் பக்கம் திருப்புகிறார். வாகனங்கள் அட்டை ஒரு வாரம் தள்ளி மாட்டப்பட்டதால் எந்தப் பிள்ளையின் படிப்பும் கெட்டதில்லை. மேற்பார்வையாளர்களாக இருப்பவர்களும் இந்த மடலைப் படிப்பீர்கள் என்று நம்புகிறேன். அந்த வாரம் நீங்கள் மையத்துக்குப் போகும்போது, கருப்பொருள் அட்டை மாறியதா என்று சுவரைப் பார்ப்பதற்கு முன்னால், பாயில் உட்கார்ந்து ஒரு சுற்று ஆடிவிட்டு வாருங்கள்.

ஆகவே இந்தத் தையில் உங்களிடம் நான் கேட்பது இவ்வளவு. பண்டிகைக்கு முன்னால் நாலு வரிப் பாட்டு ஒன்றோடு பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்புங்கள். விடுமுறை முடிந்து திரும்பியதும் வரும் ஐந்து வேலை நாட்களை, புதுக் கருப்பொருளைத் தொடாமல், போர்டுக்குக் கொடுங்கள். ஒவ்வொரு பிள்ளையும் தினமும் ஒரு படத்தையாவது தன் கையால் வைக்கட்டும். பக்கத்தில் ஒரு நோட்டு வைத்துக்கொண்டு, அவர்கள் பொங்கலைப் பற்றிச் சொன்னதை அவர்கள் சொன்ன பேச்சிலேயே, பெயர் போட்டு, ஒரு வரி இரண்டு வரியாக எழுதி வையுங்கள். வாய் திறக்காத பிள்ளை எதை எடுத்து எங்கே வைத்தது என்பதையும் எழுதுங்கள். அந்த நோட்டை அடுத்த மாதாந்திரக் கூட்டத்துக்கு எடுத்து வந்து, விழாப் படங்களைக் காட்டுவதற்குப் பதிலாக, சத்தமாக வாசியுங்கள். மாசி பிறப்பதற்குள் ரம்ஜானுக்கோ பங்குனி உத்திரத்துக்கோ என்ன வெட்டுவது என்று அந்தக் கூட்டத்திலேயே பேசி முடிவு செய்துகொள்ளலாம்.

அன்புடன்,
கதை சொல்லும் ஒருத்தி